ஏச்சு வேறு, சீத்தை வேறு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் உங்கள் நாளிதழின் வாசகர் பகுதியில் நாகர்கோவில்காரர் ஒருவர் எழுதிய கடிதத்தைப் படித்தேன். அமெரிக்காவில் இருந்து லீவுக்கு வரும் பிள்ளைகள் 'டேங்', 'டார்ன்', 'ஹெக்' என்று வாய்க்கு வாய் கெட்ட வார்த்தை பேசுகிறார்கள், அதைக் கேட்டு இங்குள்ள பிள்ளைகளும் கெட்டுப்போகின்றன, பள்ளிக்கூடங்கள் இதை முளையிலேயே கிள்ள வேண்டும் என்று எழுதியிருந்தார். அவருடைய கவலை உண்மையான கவலைதான், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் முப்பத்திரண்டு வருஷம் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தவன் நான், இதே வார்த்தைக்காக என் பேத்தி தண்டனை வாங்கியதைப் பக்கத்தில் நின்று பார்த்தவனும்கூட. பதில் எழுதாமல் இருக்க முடியவில்லை.

என் மகள் டெக்சாஸில் நர்ஸ் வேலை பார்க்கிறாள். போன வருஷம் அவளுடைய மகளை ஆறு மாதம் எங்களோடு விட்டிருந்தாள், தமிழ் நாக்கில் ஏறட்டும் என்று. ஒன்பது வயது. பக்கத்தில் உள்ள ஒரு பள்ளியில் சேர்த்தோம். ஒரு நாள் மத்தியானம் தண்ணீர் பாட்டிலின் மூடி கழன்று பை முழுக்க நனைந்துவிட்டது. மூன்று நாளாக உட்கார்ந்து வரைந்த வள்ளுவர் சிலைப் படம் உள்ளே இருந்தது, கடலுக்குப் பூசிய நீலம் எல்லாம் கரைந்து மேலே ஏறி வள்ளுவரின் தாடிவரை போய்விட்டது. பிள்ளை அதைக் கையில் தூக்கிப் பார்த்துவிட்டு 'டேங் இட்' என்றிருக்கிறாள். அவ்வளவுதான். ஆங்கிலத்தில் அசிங்கம் பேசினாள் என்று அவளை வகுப்புக்கு வெளியே நிறுத்தி, எனக்கு போன் செய்து வரவழைத்து, மன்னிப்புக் கடிதம் எழுதி வாங்கினார்கள். நான் போனபோது நனைந்த படத்தை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு வராந்தாவில் நின்றாள், சட்டையெல்லாம் நீலம். என்னைப் பார்த்ததும் அவள் சொன்ன வாக்கியம் எனக்கு இன்னும் அப்படியே நினைவிருக்கிறது: "பாட்டா, கெட்ட வார்த்தை சொல்லக் கூடாதுன்னுதானே நான் டேங்னு சொன்னேன்."

நாங்கள் அந்த வராந்தாவில் காத்திருந்த கால் மணி நேரத்தில், மைதானத்தில் பந்து விளையாடிக்கொண்டிருந்த பெரிய பையன்கள் ஒருவனுக்கொருவன் அம்மாவை இழுத்துப் பேசிய பேச்சும், நடுநடுவே 'எஃப்' எழுத்தில் தொடங்கும் ஆங்கில வார்த்தையும் எங்கள் காதில் விழுந்துகொண்டே இருந்தன. அதற்கு யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. காதுக்குப் பழகிப்போன வார்த்தைக்குக் கேள்வி இல்லை, பழகாத வார்த்தைக்குத் தண்டனை. என் மனக்குறை இதுதான்.

'டேங்', 'டார்ன்' இரண்டும் 'டாம்' என்ற சொல்லுக்குப் பதிலாக வந்தவை. டாம் என்றால் நரகத்தில் தள்ளப்படுவாயாக என்ற சாபம். அந்தச் சாபத்தை வாயால் சொல்ல அஞ்சியவர்கள் அதன் ஓசையைக் கொஞ்சம் மாற்றிச் சொன்னார்கள். 'ஹெக்' என்பது நரகத்துக்கான 'ஹெல்'லின் மாற்று. 'காஷ்', 'கோலி' இரண்டிலும் ஒளிந்திருப்பது கடவுள் என்ற சொல், 'ஜீ', 'ஜீஸ்' என்பவற்றில் இயேசுவின் பெயர். 'ஷூட்', 'ஃபட்ஜ்' போன்றவை சாமி சமாச்சாரம் இல்லை, உடம்பு சமாச்சாரமான அசிங்கச் சொற்களின் முதல் ஓசையை மட்டும் வைத்துக்கொண்டு வாயை வேறு பக்கம் திருப்பிவிடுகிறவை. கெட்ட வார்த்தை தொண்டைவரை வந்துவிட்டது, கடைசி நொடியில் நாக்கு அதைத் தடுத்துவிட்டது, அந்தத் தடுப்பின் சத்தம்தான் இந்தச் சொற்கள்.

இந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்று நம் மாவட்டத்துக்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. 'உன் தேவனாகிய கர்த்தருடைய நாமத்தை வீணிலே வழங்காதிருப்பாயாக' என்பதை ஓய்வுநாள் பள்ளியில் மனப்பாடமாக ஒப்புவித்துத்தான் நம்மில் பாதிப்பேர் வளர்ந்தோம், 2011 கணக்கெடுப்பில் இந்த மாவட்டத்தில் நூற்றுக்கு ஏறத்தாழ 47 பேர் கிறிஸ்தவர்கள். அதே கட்டளைதான் அமெரிக்காவில் குடியேறியவர்களின் நாக்கையும் பிடித்து வைத்தது. அதற்கு முன்பே, 1606-ல், நாடக மேடையில் கடவுள் பெயரை விளையாட்டாகச் சொன்னால் பத்து பவுன் அபராதம் என்று இங்கிலாந்தில் சட்டம் போட்டார்கள். அமெரிக்க விடுதலைப் போரின் நடுவில், 1776 ஆகஸ்ட் 3-ம் தேதி, ஜார்ஜ் வாஷிங்டன் தன் படைக்கு ஓர் உத்தரவு போட்டார். சிப்பாய்கள் சாபமும் ஆணையுமாகப் பேசுவது மூடத்தனமும் பொல்லாப்புமான பழக்கம், நாம் இப்படித் தெய்வத்தை அவமதித்தால் வானத்தின் ஆசி நம் ஆயுதங்களுக்கு எப்படிக் கிடைக்கும் என்ற கருத்தில் அது போகிறது. வர்ஜீனியா மாநிலத்தில் பொது இடத்தில் கெட்ட வார்த்தை பேசினால் 250 டாலர்வரை அபராதம் போடலாம் என்ற சட்டம் புத்தகத்தில் இருந்துகொண்டே இருந்து 2020-ல்தான் நீங்கியது. இவ்வளவு கெடுபிடிக்கு நடுவில் கோபம் வராமலா இருந்திருக்கும்? மாடு உதைக்கும், வண்டி அச்சு முறியும், மழை பெய்து சோளம் அழுகும். ஆகவே கடவுளையும் நோகடிக்காமல் கோபத்தையும் அடக்கி வைக்காமல் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். அங்கேயும் மிகக் கண்டிப்பான வீடுகளில் 'காஷ்'கூடச் சொல்லக் கூடாது என்று தடுப்பவர்கள் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் அவர்களும் அதை மற்றதற்குச் சமமாகத் தண்டிக்க மாட்டார்கள்.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது என்னவென்றால், ஊருக்கு ஊர் அது மாறுவது. தென் மாநிலங்களில் 'டாட்கம்', 'டாகான்'. இரண்டிலும் கடவுளையும் சாபத்தையும் பிரித்து எழுத்தைக் கலைத்துப் போட்டிருக்கிறார்கள், 'டாட்' என்ற அப்பாவும் 'டாக்' என்ற நாயும் வந்து கடவுள் இருந்த இடத்தில் உட்கார்ந்துகொண்டன. வடகிழக்கே வெர்மான்ட் பக்கம் போனால் 'ஜீசம் க்ரோ'. இயேசு கிறிஸ்துவின் பெயரைச் சொல்லத் தொடங்கிக் காக்கையில் முடித்துவிடுகிறார்கள். மார்மன் சபையார் நிறைந்த யூட்டாவில் 'ஓ மை ஹெக்'. கடவுள் பெயரை எடுத்துவிட்டு அந்த இடத்தில் வேறொரு மாற்றுச் சொல்லையே வைத்திருக்கிறார்கள், பிற மாநிலத்துக்காரர்கள் அதைக் கேட்டதும் ஆள் யூட்டா என்று கண்டுபிடித்துவிடுவார்களாம். மின்னசோட்டாவில் நார்வேயில் இருந்து குடியேறியவர்கள் கொண்டுவந்த 'ஊஃப் டா' இருக்கிறது, அதில் சாபமும் இல்லை சாமியும் இல்லை, நம் 'அம்மாடியோ' மாதிரி ஒரு மூச்சு. பழைய பேச்சில் 'டார்னேஷன்', 'வாட் இன் தி சாம் ஹில்'. தென்னாட்டுப் பெண்கள் சிரித்த முகத்தோடு சொல்லும் 'ப்ளெஸ் யுவர் ஹார்ட்' தனி ரகம், உன் நெஞ்சை ஆண்டவர் ஆசீர்வதிக்கட்டும் என்பது போலத்தான் இருக்கும், சொல்லும் இடத்தைப் பொறுத்து அது பரிவாகவும் இருக்கும், குத்தாகவும் இருக்கும். நம்மூரில் பெரியவர்கள் மனம் நொந்து "நீ நல்லா இருப்ப" என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடப்பார்களே, கேட்டவனுக்கு அன்றைக்குச் சோறு இறங்காது, அதேதான்.

இந்தச் சொற்களை எல்லாம் அந்த நாட்டுக்காரர்கள் வெட்கப்பட்டு மறைக்கவில்லை என்பதுதான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ஃபிரெடரிக் காசிடி என்ற பேராசிரியர் 'அமெரிக்க வட்டார ஆங்கில அகராதி'யைத் தொடங்கினார். 1965-ல் இருந்து 1970 வரை ஆட்களை வேன்களில் அனுப்பினார், அந்த வேன்களுக்குச் சொல் வண்டி என்றே பெயர். 1,002 ஊர்களுக்குப் போய், 1,600-க்கும் மேற்பட்ட கேள்விகளோடு உட்கார்ந்து, 2,777 பேரிடம் பதில் வாங்கினார்கள். அதில் பெரும்பாலும் வயதானவர்கள், பிறந்த ஊரிலேயே இருந்தவர்கள். பூச்சிக்கு என்ன பெயர், பலகாரத்துக்கு என்ன பெயர் என்று கேட்டதோடு நிறுத்தவில்லை. கட்டைவிரலில் ஓங்கி அடிபட்டால் வாயில் இருந்து என்ன வரும்? 'டாம்' என்று சொல்லாமல் அதற்குப் பதிலாக மென்மையாக என்ன சொல்வீர்கள்? நரகத்துக்குப் போ என்பதற்குப் பதிலாக எங்கே போகச் சொல்வீர்கள்? இப்படியும் கேட்டார்கள். பாட்டிகளும் பாட்டாக்களும் பதில் சொன்னார்கள், அது அச்சிலும் ஏறியது. முதல் தொகுதி 1985-ல் வந்தது, இசட் எழுத்தோடு முடியும் ஐந்தாம் தொகுதி 2012-ல். காசிடி அதைப் பார்க்க இல்லை, 2000-ல் இறந்துவிட்டார். 'இசட்டை நோக்கி' என்று அவர் கல்லறைக் கல்லில் பொறித்திருக்கிறார்கள். ஒரு சொல்லுக்காக ஐந்து வருஷம் ஊர் ஊராக வேன் ஓட்டியிருக்கிறார்கள், நாம் அதே சொல்லுக்காக ஒன்பது வயதுப் பிள்ளையை வகுப்புக்கு வெளியே நிறுத்துகிறோம்.

அந்தக் கட்டைவிரல் கேள்வியைப் படித்தபோது எனக்கு என் பாட்டிதான் ஞாபகம் வந்தாள். எனக்கு ஏழெட்டு வயது இருக்கும். அடுக்களைத் திண்ணையில் காலை நீட்டி உட்கார்ந்து பிச்சாத்தியால் மரச்சீனிக் கிழங்கு தொலித்துக்கொண்டிருந்தாள். சிவந்த உள்தோலைக் கத்தி முனையால் நெம்பி ஒரே சுற்றில் உரித்து எடுப்பது அவள் கைவேலை. பேச்சு வாக்கில் கத்தி வழுக்கி இடது கட்டைவிரலில் இறங்கிவிட்டது, வெள்ளைக் கிழங்கெல்லாம் ரத்தம். விரலை வாயில் வைத்து உறிஞ்சிவிட்டு, கத்தியைப் பார்த்து "போ மூதி" என்றாள். பிறகு காப்பித்தூளை எடுத்து அப்பித் துணியைச் சுற்றிக்கொண்டு மிச்சக் கிழங்கைத் தொலித்தாள். அவ்வளவுதான் அவளுடைய உச்சக் கோபம். ஞாயிறு தவறாமல் ஆராதனைக்குப் போகிறவள், பிசாசு என்று வீட்டுக்குள் யாரும் சொல்ல விடமாட்டாள், இயேசுவே என்பது ஜெபத்தில் மட்டும்தான். மூதி என்பது மூதேவியின் குறுக்கம். அவளுக்கு அது ஒரு தெய்வத்தின் பெயர் என்ற நினைப்பே இருந்திருக்காது, 'காஷ்' என்று சொல்லும் டெக்சாஸ் பிள்ளைக்கு உள்ளே கடவுள் இருப்பது தெரியாத மாதிரி. சொல்லின் நடுப்பகுதியைக் கடித்துத் துப்பிவிட்டு மிச்சத்தை வைத்துக்கொள்ளும் வேலையை இரண்டு நாட்டாரும் ஒரே மாதிரி செய்திருக்கிறார்கள்.

அப்புறம் நம்முடைய 'சவம்'. இதைப் பற்றி நான் ஒரு நாள் முழுக்கப் பேசுவேன். பிணம் என்றுதான் பொருள், ஆனால் குமரி மாவட்டத்து வீடுகளில் அதற்கு அந்தக் கனம் இல்லை. கிடைக்காத சாவியும் சவம், அடுப்பில் பிடிக்காத ஈர விறகும் சவம், "சவம் போட்டு" என்றால் போனால் போகட்டும், விட்டுத்தள்ளு. என் தம்பி மகனுக்குத் தஞ்சாவூர்ப் பக்கம் பெண் எடுத்தோம். வந்த முதல் வாரம் மாமியார் அடுக்களையில் இருந்து "மக்களே, அந்தச் சவத்தை இங்கே எடு" என்று குரல் கொடுத்திருக்கிறாள். சீனிச்சட்டியை, அதாவது வாணலியைத்தான் சொன்னாள். மருமகள் வெலவெலத்துப் போய் அம்மாவுக்கு போன் போட்டு அழுதாளாம், இந்த வீட்டில் பிணம் என்று பேசுகிறார்கள் என்று. இன்றைக்கு அந்த மருமகள் வாயில் ஒரு நாளைக்கு எத்தனை சவம் வருகிறது என்று எண்ணி முடியாது. 'எளவு' அதே ஜாதி, இழவு வீட்டு இழவுதான், "என்ன எளவோ" என்று சொல்லும்போது அதில் சாவும் இல்லை துக்கமும் இல்லை. 'பேதியில போவான்', 'கொள்ளையில போவான்' என்று பழைய ஆட்கள் ஏசுவதில் இருப்பது காலரா. வாந்திபேதி வீடு வீடாக ஆளை வாரிக்கொண்டு போன காலத்தில் அது எவ்வளவு பயங்கரமான சாபமாக இருந்திருக்கும்! நோய் போனது, சொல்லின் பல்லும் போனது, இப்போது பேரன் மாம்பழம் திருடித் தின்றால் சிரித்துக்கொண்டே சொல்கிற சொல்லாகிவிட்டது. அமெரிக்கர்கள் எதற்கு அஞ்சினார்களோ அது அவர்கள் ஏச்சில் இருக்கிறது, கடவுளும் நரகமும். நாம் அஞ்சியது சாவும் நோயும் வீட்டுக்குள் நுழையும் தரித்திரமும், அதெல்லாம் நம் ஏச்சில்.

எல்லாவற்றையும் நான் கொஞ்சச் சொல்லவில்லை. 'அறுதலி' என்று ஒரு சொல் உண்டு, புருஷனை இழந்தவளைப் பார்த்துச் சொல்வது. ஜாதிப் பெயரை வைத்து ஏசுவது உண்டு, ஊனத்தை வைத்து ஏசுவது உண்டு. அவை சத்தம் குறைவாக இருந்தாலும் மென்மையானவை அல்ல, கேட்டவர்களின் முகம் எனக்குத் தெரியும். அவை போகட்டும்.

மேற்கே கல்குளம், விளவங்கோடு பக்கம் பிறந்தவர்களுக்கு இந்த வித்தியாசத்தைச் சொல்ல நம் பேச்சிலேயே இரண்டு சொல் இருக்கின்றன. "அவன் என்னை ஏசினான்" என்றால் அது ஒன்று. "அவன் என்னைச் சீத்தை விளிச்சான்" என்றால் அது வேறு, அசிங்கமாகத் திட்டினான் என்று அர்த்தம், வழக்குக்குப் போகிற விஷயம், பேச்சுவார்த்தை முறிகிற விஷயம். என் பாட்டி ஏசுவாள், ஒருநாளும் சீத்தை விளித்ததில்லை. இந்த அளவுகோலைப் பிள்ளைகள் வீட்டில் கேட்டுக் கேட்டே கற்றுக்கொண்டார்கள். எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரிந்திருந்தது. சபையில் சொல்லத் தகாததை மறைத்துச் சொல் என்று 'அவையல் கிளவி மறைத்தனர் கிளத்தல்' என தொல்காப்பியர் எழுதி வைத்தார். அதை அரங்கேற்றியது அதங்கோட்டு ஆசான் முன்னிலையில், அந்த அதங்கோடு நம் விளவங்கோடு வட்டத்து அதங்கோடுதான் என்று பெருமையோடு சொல்லிக்கொள்கிறோம். மறைத்துச் சொன்னவளைத் தண்டிக்கிற பள்ளிக்கூடமும் அதே மாவட்டத்தில் இருப்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.

இன்றைய பிள்ளைகளுக்குப் பாட்டி பக்கத்தில் இல்லை, போன் இருக்கிறது. அதில் வருகிற விளையாட்டிலும் வீடியோவிலும் மூதியும் இல்லை, சவமும் இல்லை, 'டேங்'கும் பெரும்பாலும் இல்லை, நேராக உச்சத்தில் உள்ள வார்த்தைதான். பேனா கீழே விழுந்தாலும் அது, தேர்வில் தோற்றாலும் அது. ஏணியின் கீழ்ப்படிகளை நாமே பிடுங்கிப் போட்டுவிட்டால் பிள்ளை மேல்படியில்தான் காலை வைக்கும். சின்னக் கோபத்துக்குச் சின்னச் சொல் வேண்டும், சார். மென்மையான சொல்லுக்கும் கொடுமையான சொல்லுக்கும் ஒரே தண்டனை என்றால், இரண்டும் ஒன்று என்றுதானே பிள்ளை புரிந்துகொள்ளும்? என் பேத்தி மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுத்த மறுவாரம், "அப்போ டேங் சொன்னாலும் அதே தண்டனைதானா பாட்டா, அந்த அண்ணன்மார் சொல்கிறதைச் சொன்னாலும் அதே தண்டனைதானா?" என்று கேட்டாள். அந்த அண்ணன்மாருக்குத் தண்டனையே இல்லை என்று அவளிடம் எப்படிச் சொல்வது? பேசாமல் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தேன்.

ஆசிரியர்களிடம் நான் கேட்பது பெரிய விஷயம் இல்லை. ஒரு சொல் காதில் விழுந்தால் தண்டனைக்கு முன்னால் அதற்கு என்ன பொருள் என்று பாருங்கள், பிள்ளையிடமே கேளுங்கள். வகுப்பில் ஒரு மணி நேரம் ஒதுக்கி, கோபம் வந்தால் உங்கள் வீட்டில் பாட்டி என்ன சொல்வாள் என்று கேட்டுப் பாருங்கள், ஐம்பது பிள்ளைகள் இருந்தால் கடற்கரையில் இருந்து ஒரு சொல் வரும், ரப்பர் காட்டுப் பக்கம் இருந்து மலையாளம் கலந்து ஒன்று வரும், தோவாளைப் பூக்கட்டும் வீட்டில் இருந்து இன்னொன்று வரும். எது சொல்லலாம், எது யாரை நோகடிக்கும் என்று அங்கேயே பேசிவிடலாம்.

உங்களிடம் கேட்பது கொஞ்சம் பெரியது. உங்கள் ஞாயிறு மலரில் வாரம் ஒரு சிறிய கட்டம் ஒதுக்குங்கள். நமக்கு வேனும் வேண்டாம், பல்கலைக்கழகமும் வேண்டாம். குமரி மாவட்டத்து ஏச்சுச் சொல் ஒன்று, எந்த ஊரில் வழங்குகிறது, எந்த நேரத்தில் சொல்வார்கள், யார் யாரிடம் சொல்லலாம், யாரிடம் சொல்லக் கூடாது, இவ்வளவு போதும். வாசகர்கள் எழுதி அனுப்புவார்கள், நான் இப்போதே ஒரு நோட்டில் எழுபதுக்கு மேல் எழுதி வைத்திருக்கிறேன், என் மனைவியும் திங்கள்சந்தையில் மீன் விற்க வரும் அக்காமாரும் சொன்னவை. எண்பது தாண்டியவர்கள் நம்மிடம் இருக்கும்போதே கேட்டுவிட வேண்டும், அவர்கள் போனால் இதைக் கேட்க ஆள் கிடையாது. உங்களுக்குப் பழைய கடிதம் எழுதிய நாகர்கோவில் நண்பரும் தன் வீட்டுச் சொற்களை அனுப்பினால் சந்தோஷப்படுவேன்.

முதல் வாரத்துக்கு 'மூதி' இருக்கட்டும். வழங்கும் இடம், கல்குளம் வட்டம், திங்கள்நகர் சுற்றுவட்டாரம். சொல்லும் நேரம், கத்தி கையில் பட்டால், பால் பொங்கி வழிந்தால், ஆடு கயிற்றை அறுத்துக்கொண்டு மரச்சீனி விளைக்குள் போனால். பொருள்களிடமும் ஆட்டிடமும் தாராளமாகச் சொல்லலாம், தன் பேரப்பிள்ளைகளிடம் செல்லமாகச் சொல்லலாம், அடுத்த வீட்டுப் பிள்ளையிடம் சொல்லக் கூடாது, வீட்டுக்கு வந்த மருமகளிடம் ஒருக்காலும் கூடாது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர்,
கல்குளம் வட்டம், கன்னியாகுமரி மாவட்டம்